பத்து மணிக்கு மேல் பேஸ் எங்கே போகிறது? சின்ன ஸ்பீக்கருக்கான வழிகள், ஓர் ஒப்பீடு

எனக்குப் பாட்டுக் கேட்க நேரம் கிடைப்பது ராத்திரி பத்து மணிக்கு மேல்தான். பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள். பக்கத்து ஃபிளாட்டில் இருப்பவர்கள் வயதானவர்கள். ஸ்பீக்கரை மெதுவாகத்தான் வைக்க முடியும், மெதுவாக வைத்ததும் முதலில் காணாமல் போவது பேஸ், அதாவது பாட்டின் அடியில் ஓடும் கனமான, தாழ்ந்த ஒலி. எண்பதுகளில் வந்த தமிழ்த் திரைப்பாடல்களில் பேஸ் கிடார் பாடகருக்குப் பின்னால் தனியாக ஒரு மெட்டே வாசித்துக்கொண்டு போகும். அதற்காகவே அந்தப் பாட்டுகளைத் திரும்பத் திரும்பக் கேட்பவன் நான். சாயங்காலம் நன்றாகக் கேட்ட அதே பாட்டு, அதே ஸ்பீக்கர். ராத்திரி வால்யூமைக் குறைத்தால் குரலும் ஜால்ராவும் மட்டும் மிஞ்சுகின்றன. கச்சேரி வைத்தாலும் அப்படித்தான். மிருதங்கத்தின் வலந்தலை (வலப்பக்கம்) கேட்கும், தொப்பி (கனமாக ஒலிக்கும் இடப்பக்கம்) கேட்காது.

கடையில் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "பெருசா ஒண்ணு வாங்கிருங்க சார்." பெரிதாக வாங்கிய பிறகும் ராத்திரியில் இதே குறை வரும். அதனால் வழிகளை ஒப்பிடும் முன், பேஸ் ஏன் போகிறது என்று பார்த்துவிடுவோம். அது தெரிந்தாலே எதற்குக் காசு செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம் என்பது பாதி தெளிந்துவிடும்.

முதல் காரணம் காது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இல் வெளியிட்ட அளவீடுகள் இதைக் காட்டின. சத்தம் குறையக் குறைய, கீழ் ஸ்தாயி மற்றவற்றைவிட வேகமாக மங்குகிறது. பிற்பாடு பலர் அளந்து திருத்தி, இன்று அது ஐஎஸ்ஓ 226 என்ற தரநிலையாக இருக்கிறது. அதன் கணக்கு இப்படி (ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற எண், குறைந்தால் ஒலி தாழும்; டெசிபல் சத்தத்தின் அளவு): 1000 ஹெர்ட்ஸ் ஒலி 80 டெசிபலில் கேட்கிறது என்றால், 100 ஹெர்ட்ஸ் ஒலி அதே அளவு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 92 டெசிபல் வேண்டும். 12 கூடுதல். இப்போது 1000 ஹெர்ட்ஸை 40 டெசிபலுக்கு இறக்குங்கள். 100 ஹெர்ட்ஸுக்கு 64 தேவைப்படுகிறது. 24 கூடுதல். அதாவது வால்யூமை மட்டும்தான் திருகினோம், ஆனால் பேஸில் 12 டெசிபலைக் காது தானாகவே கழித்துக்கொண்டது. 80இலிருந்து 60க்கு மட்டும் இறக்கினால் இழப்பு 6 டெசிபல் அளவில் நிற்கும். 50 ஹெர்ட்ஸ் பக்கம் போனால் இழப்பு இன்னும் அதிகம்.

இரண்டாவது காரணம் ஸ்பீக்கரின் அளவு. ஒரு ஸ்தாயி கீழே (அதாவது ஹெர்ட்ஸ் பாதியாக) இறங்கி அதே சத்தத்தைத் தர, ஸ்பீக்கரின் அதிரும் கூம்பான கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். உள்ளங்கை அளவு ஸ்பீக்கரில் அதற்கு இடம் கிடையாது. ஜேபிஎல் கோ 3 போன்ற சின்னப் பெட்டிக்கு, தயாரிப்பாளர் சொல்லும் கீழ் எல்லையே 110 ஹெர்ட்ஸ். பேஸ் கிடாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது.

ஆனால் இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் நமக்குச் சாதகமான ஒரு விஷயம் இருக்கிறது. மெதுவாகப் பாடும்போது ஸ்பீக்கர் தன் சக்தியில் மிகச் சிறு பங்கைத்தான் பயன்படுத்துகிறது. கோன் அசைய இன்னும் நிறைய இடம் சும்மா கிடக்கிறது. 10 டெசிபல் கூட்ட பத்து மடங்கு வாட் வேண்டும். முழு வால்யூமில் அது நடக்காத காரியம். ஆனால் 0.1 வாட்டில் பாடிக்கொண்டிருக்கும் ஸ்பீக்கரிடம் பேஸுக்கு மட்டும் 1 வாட் கேட்பது ஒன்றும் பெரிய கோரிக்கை இல்லை. ராத்திரிப் பிரச்சினையில் பெரும்பங்கு ஸ்பீக்கரின் குறையே அல்ல. இதை மனதில் வைத்துக்கொண்டு வழிகளுக்கு வருவோம்.

காசில்லாத வழி: இடம் மாற்றுவது

நான் முதலில் ஸ்பீக்கரை டீப்பாயில் வைத்திருந்தேன், சுவரிலிருந்து சுமார் ஒரு மீட்டர் தள்ளி. இதைவிட மோசமான இடம் கிடையாது என்று பிறகு தெரிந்தது. ஒரு மீட்டர் தள்ளி இருக்கும்போது, சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 86 ஹெர்ட்ஸ் அளவில் நேர் ஒலிக்கு எதிராக வந்து சேர்ந்து அதை அழிக்கிறது. சுவர் வரையான தூரம் ஓர் ஒலியின் அலைநீளத்தில் கால் பங்காக இருந்தால் இப்படி நடக்கும். இருந்த கொஞ்சம் பேஸையும் சுவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அதையே மூலைக்குத் தள்ளினேன். ஷோகேஸின் கீழ்த்தட்டு, இரண்டு பக்கமும் சுவர். சுவரோ தரையோ ஒன்று ஒட்டி வந்தால் கீழ் ஸ்தாயியில் 6 டெசிபல் வரை கூடலாம் என்பது கணக்கு. வீட்டில் அந்த முழு அளவும் கிடைக்காது, பாதிக்கு மேல் கிடைக்கும். நம் ஊர் வீடுகளில் செங்கல்லும் கான்கிரீட்டுமாகச் சுவர் இருப்பது இதற்கு நல்லது. மெல்லிய பலகைச் சுவர் பேஸை வெளியே விட்டுவிடும், நம்முடையது திருப்பி அனுப்பும். மூலைக்குப் போன அன்று ராத்திரி, நான்கு சுரம் இறங்கி இரண்டு சுரம் ஏறும் ஒரு பேஸ் நடை, அந்த வால்யூமில் அதுவரை கேட்காதது, வரிசையாகக் கேட்டது. கூடவே மேல்தட்டில் இருந்த எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுவென்று அடிக்க ஆரம்பித்தன. "என்னங்க, டம்ளர் பாடுது" என்று வீட்டுக்காரி உள்ளேயிருந்து சொன்னாள். டம்ளருக்கு அடியில் ஒரு துணி விரித்ததும் நின்றது.

உட்காரும் இடமும் இதில் சேர்த்தி. சுவரோரம் எல்லா பேஸ் ஸ்தாயியும் கூடுதலாகக் கேட்கும். அறை நடுவில் சில ஸ்தாயிகள் அறவே இருக்காது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டுப் பாருங்கள்.

இதன் குறை: ஆண் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல் கொஞ்சம் கனத்துவிடும். சத்தமாக வைத்தால் இது எரிச்சலாக இருக்கும். மெதுவாக வைத்தால் காது கழித்ததை மூலை திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஸ்பீக்கருக்குப் பின்பக்கம் காற்று ஓட்டை இருந்தால் நான்கு விரல் இடைவெளி விடுங்கள்.

பானை என்றதும் ஞாபகம் வருகிறது. டேப் ரெக்கார்டர் காலத்தில் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தி மூலையில் வைத்திருப்பார்கள். அது வெறும் வேடிக்கை இல்லை. கோனின் பின்பக்க ஒலி முன்பக்க ஒலியோடு சேர்ந்து அழிந்துவிடாமல் பானை அடைத்து வைக்கிறது. மூடிய பெட்டி செய்யும் அதே வேலை. ஆனால் செல்போனை டம்ளருக்குள் போடுவது வேறு. அது நடு ஸ்தாயியைத்தான் கூட்டும், பேஸுக்கு ஒன்றும் செய்யாது.

இன்னொரு காசில்லாத வழி, கிட்டே போவது. தூரம் பாதியானால் நேர் ஒலி 6 டெசிபல் கூடும். ஸ்பீக்கரை எட்டடியிலிருந்து இரண்டடிக்குக் கொண்டுவந்தால், அதே சத்தம் என் காதுக்கு 12 டெசிபல் அதிகமாக வரும். அடுத்த அறையில் ஒரு மாற்றமும் இருக்காது. படிக்கும் மேசையில் கேட்பவருக்கு இதைவிட நல்ல வழி இல்லை. குடும்பத்தோடு கேட்பவருக்கு உதவாது.

ஃபேனையும் சொல்ல வேண்டும். சீலிங் ஃபேனின் இரைச்சலில் கீழ் ஸ்தாயிதான் அதிகம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோட்டாரின் உறுமல் அதன் இருமடங்கில், 100 ஹெர்ட்ஸில் வரும். நாம் தேடும் பேஸ் இருக்கும் அதே இடம். ரெகுலேட்டரை ஐந்திலிருந்து இரண்டுக்கு இறக்கிவிட்டுக் கேளுங்கள். ஸ்பீக்கரைத் தொடாமலே தொப்பியின் கும்காரம் மேலே எழுந்து வரும். மே மாதத்தில் இது நடக்காது என்பது எனக்கும் தெரியும், மார்கழியில் செய்யலாம்.

ஈக்வலைசரும் லவுட்னஸும்

காது கழிப்பதைத் திருப்பிப் போடுவதற்கென்றே பழைய ஆம்ப்ளிஃபையர்களில் லவுட்னஸ் என்று ஒரு பட்டன் இருந்தது. வால்யூம் குறைவாக இருக்கும்போது பேஸைத் தூக்கும், வால்யூம் ஏற ஏறத் தானாக விலகிக்கொள்ளும். யமஹாவின் ஏ-எஸ்301 வரிசையில் இது பட்டனாக இல்லாமல் திருகும் குமிழாகவே உண்டு. நீங்கள் வழக்கமாகச் சத்தமாகக் கேட்கும் அளவை வால்யூமில் வைத்துவிட்டு, ராத்திரிக்கு லவுட்னஸ் குமிழைத் திருகிக் குறைக்க வேண்டும். அது நடு ஸ்தாயியை இறக்கி பேஸை விட்டுவைக்கும். டெனான், மரான்ட்ஸ் ரிசீவர்களில் ஆடிசி நிறுவனத்தின் டைனமிக் ஈக்யூ என்ற வசதி இதே வேலையைக் கணக்குப் போட்டுச் செய்கிறது. சோனோஸ் ஸ்பீக்கர்களின் செயலியில் லவுட்னஸ் என்ற பெயரிலேயே ஒரு சுவிட்ச் இருக்கிறது.

இவை எதுவும் இல்லாதவருக்கு ஈக்வலைசர், அதாவது ஒவ்வொரு ஸ்தாயியின் சத்தத்தையும் தனித்தனியாக ஏற்றி இறக்கும் அமைப்பு. எக்கோ டாட் வைத்திருப்பவர் அலெக்சா செயலியில், நெஸ்ட் மினி வைத்திருப்பவர் கூகுள் ஹோம் செயலியில் பேஸைத் தனியாக ஏற்றலாம். ஆண்ட்ராய்டு போனில் வேவ்லெட், விண்டோஸ் கணினியில் ஈக்வலைசர் ஏபிஓ இருக்கின்றன. ஏபிஓ முழுக்க இலவசம்.

இதில் பெரும்பாலோர் செய்யும் தவறு ஒன்று. பேஸ் வேண்டும் என்று இடதுகோடியில் உள்ள 30, 60 ஹெர்ட்ஸ் குமிழ்களை உச்சிக்குத் தள்ளுவது. சின்ன ஸ்பீக்கரால் அந்த ஸ்தாயியைத் தரவே முடியாது. கோன் வீணாகத் துடிக்கும். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று பயந்துபோய் மொத்தப் பாட்டையும் அமுக்கிவிடும். பாட்டு மேலும் கீழும் மூச்சு வாங்குவதுபோல் கேட்டால் காரணம் இதுதான். அதற்குப் பதில் 100 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை 5, 6 டெசிபல் ஏற்றுங்கள்; 60க்குக் கீழே இறக்கிக்கூட விடலாம். எவ்வளவு ஏற்றினீர்களோ அவ்வளவு ப்ரீஆம்ப் என்ற குமிழில் குறையுங்கள், இல்லாவிட்டால் கரகரக்கும். ராத்திரிக்கு ஒரு பதிவு, பகலுக்கு ஒரு பதிவு என்று தனித்தனியாகச் சேமித்துவிடுவது நல்லது. ராத்திரி அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டு பகலில் வால்யூமை ஏற்றினால் சின்னக் கோன் தாங்காது.

அப்புறம், சில ப்ளூடூத் ஸ்பீக்கர்களுக்குள்ளேயே குறைந்த வால்யூமில் பேஸைத் தூக்கும் ஏற்பாடு இருக்கிறது. போன் வால்யூமும் ஸ்பீக்கர் வால்யூமும் தனித்தனியாக இயங்கும் மாடல் என்றால், போனை உயர்த்தி ஸ்பீக்கரைத் தாழ்த்தி ஒரு தடவை, நேர்மாறாக ஒரு தடவை வைத்துக் கேளுங்கள். இரண்டிலும் மொத்தச் சத்தம் ஒன்றாக இருந்தாலும் பேஸ் வேறுபடலாம். லவுட்னஸ் பட்டன் உள்ள பழைய ஆம்ப்ளிஃபையர்களுக்கும் இது பொருந்தும். அங்கே வால்யூம் குமிழ் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு பேஸ் ஏறும்.

என் தீர்ப்பு: மூலையும் ஈக்வலைசரும் சேர்ந்தால் ராத்திரி இழப்பில் பெரும்பகுதி திரும்ப வந்துவிடுகிறது. காசு கொடுத்து வாங்கும் எதையும் இதற்கு முன்னால் யோசிக்கவே வேண்டாம்.

இதே குடும்பத்தில், ஏமாற்றி பேஸ் தருகிற ஒரு வழியும் உண்டு. 41 ஹெர்ட்ஸ் சுரத்தோடு 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் ஒலிக்கின்றன. அடிச்சுரத்தை நீக்கிவிட்டு மடங்குகளை மட்டும் கேட்க வைத்தாலும் மூளை அடிச்சுரத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். செல்போனில்கூட ஆண் குரல் ஆண் குரலாகவே கேட்பது இதனால்தான். இஸ்ரேலின் வேவ்ஸ் நிறுவனம் மேக்ஸ்பேஸ் என்று செய்தது இந்த அடிப்படையில். பல லேப்டாப்களிலும் சின்ன ஸ்பீக்கர்களிலும் "பேஸ் பூஸ்ட்" என்ற பெயரில் ஒளிந்திருப்பதும் அநேகமாக இதுவே. பேஸ் கிடாரின் மெட்டு தெளிவாகப் பிடிபடுகிறது, ஆனால் நெஞ்சில் படும் அந்தக் கனம் வராது. தவில், மிருதங்கம் போன்றவற்றில் தோலின் இயல்பான நாதம் கெட்டு ஒரு பிளாஸ்டிக் வாடை அடிக்கிறது. சினிமாப் பாட்டுக்குச் சரி, கச்சேரிக்கு நான் அணைத்துவிடுவேன்.

வாங்குவது என்று முடிவு செய்தால்

வாட் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். பிஎம்பிஓ (விளம்பரத்துக்காக ஊதிப் பெருக்கிய வாட் எண்) என்று போட்டு ஆயிரக்கணக்கில் எழுதியிருந்தால் அதைப் படிக்கவே வேண்டாம். ராத்திரிக்கு நமக்கு ஒரு வாட்டே அதிகம். பார்க்க வேண்டியது கோனின் அகலமும் பெட்டியின் கொள்ளளவும்.

நான்கு அங்குலக் கோன் உள்ள புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஜோடி ஒன்று, சின்ன ப்ளூடூத் பெட்டியைவிட ஒரு ஸ்தாயிக்கு அருகில் கீழே இறங்கும். எடிஃபயர் ஆர்1280டி இந்த ரகம். பக்கவாட்டிலேயே பேஸ் குமிழ் இருக்கிறது, ஒவ்வொரு ராத்திரியும் போனைத் தேட வேண்டாம், கையை நீட்டித் திருகினால் போதும். ஆனால் இதற்கும் லவுட்னஸ் திருத்தம் தேவை. பெரிய கோன் வந்ததால் காதின் கணக்கு மாறிவிடாது. ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் தனித்தனியாக வாங்குபவர்கள் ஒயர் மாட்டும்போது சிவப்பு, கறுப்பைச் சரிபாருங்கள். ஒரு பக்கம் மாறியிருந்தால் இரண்டு கோன்களும் எதிரெதிராக அசைந்து பேஸை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மாதக்கணக்கில் அப்படியே கேட்டுக்கொண்டிருந்த ஒருவர் வீட்டில், ஒரே ஒயரை மாற்றிப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

சந்தையில் அதிகம் விற்பது 2.1 ஹோம் தியேட்டர். சின்னச் சின்னதாக இரண்டு பெட்டி, கீழே பேஸுக்கென்றே தனிப்பெட்டியாக ஒரு சப்வூஃபர். விலை மலிவு, பேஸ் தாராளம். எனக்கு ஒத்துவரவில்லை. பக்கப் பெட்டிகள் ரொம்பச் சின்னதாக இருப்பதால் சப்வூஃபர் 150, 200 ஹெர்ட்ஸ் வரை ஏறி வந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது. ஆண் குரலின் அடிப்பகுதி சோபாவுக்குப் பின்னாலிருந்து கேட்கும். பேஸ் கிடார் எந்தச் சுரம் வாசித்தாலும் ஒரே சுருதியில் டொம் டொம் என்று வரும். சண்டைக் காட்சிக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பேஸ் மெட்டைப் பின்தொடர வேண்டும் என்றால் வேறு வழி பாருங்கள்.

தனியாக நல்ல சப்வூஃபர் ஒன்றைப் புக்‌ஷெல்ஃப் ஜோடியோடு சேர்ப்பதுதான் என் பார்வையில் சிறந்தது, செலவும் அதிகமானதுதான். சப்வூஃபர் என்றாலே சத்தம், பக்கத்து வீட்டுச் சண்டை என்று ஓர் எண்ணம் இருக்கிறது. மெதுவாகக் கேட்பவருக்குத்தான் அது அதிகம் தேவை. 50 ஹெர்ட்ஸை 44 டெசிபலுக்குக் கீழே மனிதக் காது கேட்காது. நம் அறையில் மெல்லியதாகக் கேட்கும் பேஸ், சுவரைத் தாண்டும்போது அந்த எல்லைக்குக் கீழே விழுந்துவிடுவது எளிது. தொல்லை தருவது பெரும்பாலும் தரை வழியாக இறங்கும் அதிர்வு. பெட்டிக்கு அடியில் தடித்த ரப்பரோ ஃபோமோ வைத்தால் அது நன்றாகக் குறையும். நான் வைத்துவிட்டு, கீழ் வீட்டு அக்காவிடம் போய், "அக்கா, ஏதாவது கேக்குதா?" என்று கேட்டேன். "உங்க வீட்டு மிக்ஸிதான்பா காலைல கேக்குது" என்றார். மனசுக்கு நிம்மதியாக இருந்தது.

வாங்கும் முன் இரண்டு விஷயம். ஒன்று, பெரும்பாலான சின்ன ப்ளூடூத் ஸ்பீக்கர்களில் சப்வூஃபருக்கு வெளியேறும் வழி இல்லை. இந்தப் பாதையில் போவதென்றால் அடிப்படை ஸ்பீக்கரையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இரண்டு, தானாக விழித்துத் தானாகத் தூங்கும் வசதி. மெதுவாக வைத்தால் சிக்னல் போதாமல் பல சப்வூஃபர்கள் விழிக்கவே மாட்டா, அல்லது பாட்டின் நடுவில் தூங்கிவிடும். அந்த வசதியை அணைத்து எப்போதும் இயங்கும்படி வைக்க சுவிட்ச் இருக்கிறதா என்று கடையிலேயே பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.

இணைத்த பிறகு கிராஸ்ஓவரை, அதாவது எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்வூஃபர் வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற எல்லையை, 80 ஹெர்ட்ஸ் பக்கம் வையுங்கள். அதற்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதுக்குப் பிடிபடாது, எனவே பெட்டி மூலையில் இருந்தாலும் உறுத்தாது. பன்னிரண்டடி அறையில் 47 ஹெர்ட்ஸ் நடுவில் காணாமல் போய்ச் சுவரோரம் குவியும். நாற்காலியை அரை அடி முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஹெட்ஃபோன் பற்றிக் கேட்பீர்கள். காதை நன்றாக அடைக்கும் இயர்ஃபோன் ஒன்று, மேலே சொன்ன எல்லாவற்றையும்விடக் குறைந்த செலவில் ஆழமான பேஸ் தரும். ஈக்வலைசரில் தாராளமாக ஏற்றினாலும் அயலாருக்குத் தொல்லை இல்லை. தனியாகக் கேட்பவருக்கும் விடுதி அறையில் இருப்பவருக்கும் அதையே சொல்வேன். எனக்கு ராத்திரியில் பிள்ளை அழுதால் கேட்க வேண்டும், அதனால் காதை அடைத்துக்கொள்ள முடியாது.

ஆக வாடகை வீடு, ஒற்றை ப்ளூடூத் ஸ்பீக்கர் என்றால்: மூலை, ஈக்வலைசர், ஃபேன். ஒரு பைசா வேண்டாம். பத்தாயிரம் ரூபாய்க்கு முன்பின்னாகச் செலவழிக்க முடிந்தால் பேஸ் குமிழ் உள்ள புக்‌ஷெல்ஃப் ஜோடி. அதற்கு மேலும் முடிந்தால் முதலில் லவுட்னஸ் உள்ள ஆம்ப்ளிஃபையரா, சப்வூஃபரா என்று தடுமாற்றம் வரும். பழைய சினிமாப் பாட்டும் கச்சேரியும் என்றால் லவுட்னஸ். இப்போது வரும் பாட்டுகளில் பேஸ் 50 ஹெர்ட்ஸுக்கும் கீழே போகிறது, அதற்கு சப்வூஃபர்தான்.

நான் கடைசியில் பழைய சப்வூஃபர் ஒன்றை வாங்கிச் சேர்த்தேன். அதன் பின்பக்கக் குமிழில் வீட்டுக்காரியின் நகப்பூச்சில் இரண்டு சிவப்புப் புள்ளிகள் வைத்திருக்கிறேன். கீழே இருப்பது பகல். அதற்கு ஒரு விரல் அகலம் மேலே, ராத்திரி.